சுடாத நெருப்பு!

அமெரிக்காவில் ஒரு சாதாரணத் தெரு. மாடி இல்லாத தனி வீடு. பின்கட்டில் சமையலறை பற்றிக்கொண்டுவிட்டது. மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்து நிற்கிறது. லெஃப்டினென்ட் தன் ஆட்களோடு ஹாலுக்குள் புகுந்து, அங்கிருந்தே சமையலறையைப் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்சுகிறார். தீ கொஞ்சம் பின்வாங்குகிறது. ஆனால் அடுத்த நிமிஷம் மறுபடி முன்னால் வந்து நிற்கிறது. இன்னொரு தரம் தண்ணீர். இன்னொரு தரம் அதே கதை.

லெஃப்டினென்ட்டுக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. "எல்லாரும் வெளியே!" என்று கத்தினார். ஆட்கள் வாசலைத் தாண்டியதுதான் தாமதம்... அவர்கள் நின்றிருந்த ஹால் தரை மொத்தமாக இடிந்து உள்ளே போய்விட்டது. அந்த வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை இருந்தது. வந்தவர்கள் யாருக்கும் அது தெரியாது. நிஜமான தீ அங்கேதான் எரிந்துகொண்டிருந்தது!

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டதற்கு, தனக்கு ஈ.எஸ்.பி. சக்தி இருக்கிறது என்றே அந்த லெஃப்டினென்ட் நம்பினார். ஞானதிருஷ்டி! விபூதி கொடுக்காத குறை.

கேரி க்ளைன் என்ற மனோதத்துவ நிபுணர் விடவில்லை. தீயணைப்பு அதிகாரிகள் நெருக்கடியில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று 1980-களில் ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். லெஃப்டினென்ட்டைக் கிளறிக் கிளறி விசாரித்ததில் ஞானதிருஷ்டி மெல்லக் கழன்று விழுந்தது. இரண்டு விஷயம் இடித்திருக்கிறது. ஒன்று, அவருடைய காது வழக்கத்துக்கு மேல் சுட்டது. சமையலறைத் தீக்கு ஹால் இவ்வளவு கொதிக்கக் கூடாது. இரண்டு, அவ்வளவு சூடு கொடுக்கிற தீ இரைச்சல் போட வேண்டும். இது போடவில்லை. அடியிலிருந்து வந்த சத்தத்தைத் தரை அமுக்கிவிட்டது. சூடு ஒரு கணக்கு சொன்னது, சத்தம் வேறு கணக்கு சொன்னது. டாலி ஆகவில்லை. மனசு எதையும் விளக்கிக்கொண்டிருக்காமல் 'ஓடு' என்று உத்தரவு போட்டுவிட்டது.

ஆக, அன்றைக்கு அத்தனை பேர் உயிரைக் காப்பாற்றியது ஒரு ஜோடிக் காது! அந்தக் காதுக்குப் பின்னால் இருந்தது பல வருஷ அனுபவம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இன்றைக்கு உலகின் பல நாடுகளில், தீயணைப்புத் துறையில் சேர்கிற பையன்களின் தலையில் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டி, வெறும் ஹாலில் நிறுத்தி, எதிரே இல்லாத நெருப்பை அணைக்கச் சொல்லித் தருகிறார்கள். விர்ச்சுவல் ரியாலிட்டி! மெய்நிகர் உண்மை என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். பொய்தான், ஆனால் மெய் மாதிரி. அந்த லெஃப்டினென்ட்டின் காதை இந்தக் கண்ணாடியால் தயார் செய்ய முடியுமா? இதுதான் கேள்வி.

அனுபவம் என்கிற டெபாசிட்

க்ளைன் குழு பேட்டி கண்ட அதிகாரிகள் 26 பேர். சராசரியாக 23 வருஷ சர்வீஸ். 'இந்த வழியா, அந்த வழியா என்று சீர்தூக்கிப் பார்த்து முடிவெடுப்பார்கள்' என்று எதிர்பார்த்துப் போனார் க்ளைன். அவர்கள் அப்படிச் செய்யவே இல்லை. முடிவெடுப்பதாகவே அவர்களுக்கு நினைவில்லை! பார்த்த மாத்திரத்தில் 'இது அந்த மாதிரி கேஸ்' என்று அடையாளம் தெரிந்துகொள்கிறார்கள். பழகிய டாக்டர் நோயாளி நடந்து வருவதைப் பார்த்தே பாதி வியாதியைச் சொல்லிவிடுவது போல. கட்டிடத்தின் எந்த மூலையிலிருந்து புகை வருகிறது, என்ன நிறம், எவ்வளவு வேகம்... இதையெல்லாம் மனசில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான தீக்களோடு ஒப்பிட்டு, ஒத்து வருகிற ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள்.

பாங்க்கில் போட்டு வைத்தால்தான் எடுக்க முடியும். அனுபவமும் அப்படித்தான். நிறையத் தீ பார்த்தவனிடம் நிறைய டெபாசிட்.

இங்கேதான் சிக்கல். பணக்கார நாடுகளில் தீ விபத்துகள் குறைந்துகொண்டு வருகின்றன. அமெரிக்காவில் 1977-ல் கட்டிடத் தீ விபத்துகள் ஒரு வருஷத்துக்குச் சுமார் 11 லட்சம். பிற்பாடு அது பாதிக்கும் கீழே இறங்கி, 5 லட்சத்தைச் சுற்றி நின்றது. நல்ல சேதிதான். ஊருக்கு நல்லது. ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞனுக்கு டெபாசிட் போட வாய்ப்பு பாதியாகிவிட்டது. அப்பா காலத்து வீரர் ஐந்து வருஷத்தில் பார்த்ததைப் பார்க்க இவனுக்குப் பத்து வருஷம் வேண்டும்.

போதாக்குறைக்கு, தீயின் குணமும் மாறிவிட்டது. அமெரிக்காவின் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் ஒரு சோதனை செய்தது. பழைய காலத்து மரம், பருத்திச் சாமான்கள் நிரப்பி ஓர் அறை. ஃபோம் மெத்தை, பாலியெஸ்டர் திரை என்று புதுப் பாணியில் ஓர் அறை. இரண்டுக்கும் தீ வைத்தார்கள். அறை முழுவதும் ஒரே மூச்சில் பற்றிக்கொள்கிற கட்டத்துக்குப் போக, பழைய அறைக்கு 29 நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. புது அறைக்கு? 5 நிமிஷம்கூட ஆகவில்லை! இந்தக் கட்டத்துக்கு ஃப்ளாஷ் ஓவர் என்று பெயர். கூரைக்கடியில் சேர்ந்த புகை 500, 600 டிகிரி செல்சியஸுக்குப் போனதும், அதன் அனல் பட்டு நாற்காலி, மேஜை, தரை விரிப்பு எல்லாம் ஏக காலத்தில் எரிய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் உள்ளே மாட்டிக்கொண்டால் எவ்வளவு விலை உயர்ந்த கோட்டு போட்டிருந்தாலும் பிழைப்பது கஷ்டம்.

பார்க்கக் கிடைப்பது கொஞ்சம் தீ. அதைப் புரிந்துகொள்ளக் கிடைப்பது கொஞ்ச நேரம். அப்படியானால் எங்கே போய்க் கற்றுக்கொள்வது?

பயிற்சியே பலி வாங்கினால்?

"இதென்ன பெரிய விஷயம்? ஒரு பழைய வீட்டைக் கொளுத்தி, பசங்களை உள்ளே அனுப்ப வேண்டியதுதானே" என்பீர்கள். செய்தார்கள். 1982-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்ற ஊரில் இப்படி ஒரு பழைய கட்டிடத்தில் பயிற்சி நடந்தபோது இரண்டு வீரர்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் நிஜத் தீயை வைத்துப் பயிற்சி கொடுக்க என்னென்ன கட்டுப்பாடு வேண்டும் என்று 1986-ல் அங்கே ஒரு விதிமுறையே வந்தது.

விதி வந்தும் விபத்து நிற்கவில்லை. 2001-ல் நியூயார்க் மாநிலத்தில் லேர்ட்ஸ்வில் என்ற கிராமம். தீயில் மாட்டிக்கொண்டவராக நடிக்க, புதிதாகச் சேர்ந்த 19 வயதுப் பையனை மாடியில் படுக்க வைத்தார்கள். கீழே வைத்த பயிற்சித் தீ கையை மீறிப் போய்விட்டது. நடிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி மீது வழக்கு நடந்து, அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. யாரையோ காப்பாற்றக் கற்றுக்கொடுக்கிற வகுப்பில் ஒரு மாணவன் சாவது என்ன கொடுமை!

இது உடனே தெரிகிற சாவு. மெதுவாக வருகிற சாவும் உண்டு. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் ஃபிஸ்க்வில் என்று ஓர் இடம். 1970-களிலிருந்து அங்கே தீயணைப்புப் பயிற்சிக் கல்லூரி நடந்தது. எரிப்பதற்குத் தொழிற்சாலைகள் இலவசமாகக் கொடுத்த கழிவு ரசாயனங்களைப் பீப்பாய் பீப்பாயாக வாங்கினார்கள். பணம் மிச்சம்! பசங்கள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். அணைக்க அடித்த நுரையும் ரசாயனமும் வழிந்து குட்டையில் சேர, அந்த வளாகத்துத் தண்ணீரும் கெட்டது. பல வருஷம் கழித்து, அங்கே பயிற்சி கொடுத்தவர்கள், பெற்றவர்கள் பலருக்குப் புற்றுநோய் என்று புகார்கள் கிளம்பின. விசாரணை மேல் விசாரணை. 2015-ல் ஃபிஸ்க்வில்லை இழுத்து மூடிவிட்டார்கள்.

2022-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, தீயணைப்புத் தொழிலையே 'புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. சிகரெட்டும் ஆஸ்பெஸ்டாஸும் உட்கார்ந்திருக்கிற அதே பிரிவு!

ஊரைக் காப்பாற்ற ஒருவன் புகையைக் குடிக்கிறான் என்றால் அது தியாகம். ஒத்திகைக்காகக் குடிக்கிறான் என்றால்?

ஆர்கன் கடைக்காரர் மகன்

இதே சங்கடம் விமானிகளுக்கு முன்பே வந்திருக்கிறது. 1920-களில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரே வழி, விமானத்தில் ஏறி ஓட்டுவதுதான். தப்பு செய்தால் அடுத்த வகுப்பு மேல் உலகத்தில். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்ற இளைஞர். அவர் குடும்பத்துக்கு ஆர்கன், பியானோ செய்கிற தொழிற்சாலை. ஆர்கனுக்கு உபயோகிக்கும் துருத்திகளையும் பம்புகளையும் வைத்து, 1929 வாக்கில் ஒரு குட்டி விமானம் செய்தார். ஸ்டிக்கை இழுத்தால் மூக்கைத் தூக்கும், சாயும், திரும்பும். தரையை விட்டு மட்டும் கிளம்பாது. அதை வாங்கியவர்கள் யார் தெரியுமா? பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். காசு போட்டு ஏறிக் குலுங்கிவிட்டுப் போனார்கள் ஜனங்கள்.

1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டு போகிற வேலையை ஏற்றுக்கொண்டார்கள். மோசமான பனிக்காலம். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழக்கமில்லாத இளைஞர்கள் வரிசையாக விழுந்து செத்தார்கள். அப்போதுதான் அந்தப் பூங்கா பொம்மையின் ஞாபகம் ராணுவத்துக்கு வந்தது. இன்றைக்கு, அனுபவமுள்ள விமானி புது ரக ஜெட்டுக்கு மாறும்போது, சிமுலேட்டரில் தேறிவிட்டு, முதன்முதலாக நிஜ விமானத்தைத் தொடும்போதே பின்னால் பயணிகள் உட்கார்ந்திருப்பது சகஜம். நீங்களும் அப்படிப் போயிருக்கலாம். ஒன்றும் ஆகவில்லை அல்லவா?

பொம்மையிலிருந்து பாடம் வருகிறது என்று விமானத் துறை ஒப்புக்கொண்டுவிட்டது. தீயணைப்புத் துறை கொஞ்சம் தாமதம்.

கப்பலுக்குள் ஒரு கண்ணாமூச்சி

முதலில் அக்கறை காட்டியவர்களில் அமெரிக்கக் கடற்படையும் ஒன்று. காரணம் இருக்கிறது. 1967 ஜூலை 29. வியட்நாம் யுத்தம். டோங்கின் வளைகுடாவில் ஃபாரஸ்டல் என்ற விமானம் தாங்கிக் கப்பல். மேல்தளத்தில் நின்ற ஒரு விமானத்திலிருந்து ராக்கெட் தவறுதலாகக் கிளம்பி, எதிரே நின்ற விமானத்தின் பெட்ரோல் டாங்க்கை உடைத்தது. குபீர்! தேர்ச்சி பெற்ற தீயணைப்புக் குழு ஓடி வந்தது. வெடிகுண்டுகள் சூடேறி வெடிப்பதற்குள் அணைத்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அன்றைக்கு விமானங்களில் மாட்டியிருந்தவற்றில் பழைய ரகக் குண்டுகளும் இருந்தன. சூட்டைத் தாங்காத ரகம். சுமார் ஒன்றரை நிமிஷத்தில் முதல் குண்டு வெடித்தது. பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் தைரியசாலிகள், ஆனால் தெரியாதவர்கள். ஒரு குழு பெட்ரோல் தீயின் மேல் நுரை அடிக்க, இன்னொரு குழு கடல் தண்ணீரை அடித்து அந்த நுரையைக் கழுவிவிட்டது! மொத்தம் 134 பேர் பலி. அன்றிலிருந்து அந்தக் கடற்படையில் சமையல்காரர் முதல் குமாஸ்தா வரை எல்லாருக்கும் தீயணைப்புப் பயிற்சி.

அவர்களிடம் ஷாட்வெல் என்று ஒரு கிழட்டுக் கப்பல் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் ஓடியது. அலபாமா மாநிலத்தின் மொபைல் விரிகுடாவில் அதை நிறுத்தி, வேண்டுமென்றே உள்ளே தீ வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். 1990-களில் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்துக்காரர்கள் இந்தக் கப்பலின் உட்புறத்தை அப்படியே கம்ப்யூட்டரில் கட்டினார்கள். அந்தக் காலத்துத் தலைக்கண்ணாடி கனமானது. படமும் ஏனோதானோ.

வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்கு வழக்கம்போல் கப்பலின் வரைபடம். இன்னொரு கோஷ்டிக்குக் கூடுதலாகக் கண்ணாடியை மாட்டி, கம்ப்யூட்டர் கப்பலுக்குள் ஒரு நடை. பிறகு எல்லாரையும் நிஜக் கப்பலுக்குள் அனுப்பினார்கள். முடிவு 1997-ல் வெளியானது. வரைபடம் மட்டும் பார்த்த கோஷ்டியில் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு தடவையாவது தப்பான வழியில் திரும்பினார்கள். கண்ணாடிக் கோஷ்டியில் தப்பாகத் திரும்பியது ஒரே ஒருவர். சுமார் 2 நிமிஷ வேலையில் இவர்கள் ஏறக்குறைய அரை நிமிஷம் முந்திக்கொண்டார்கள்.

சின்ன சோதனைதான். கொஞ்சம் பேர்தான். அரை நிமிஷம் என்ன பெரிய லாபம் என்று தோன்றலாம். புகை நிறைந்த அறையில் மயங்கிக் கிடப்பவனைக் கேட்டுப் பாருங்கள்.

கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது?

விஷயம் எளிது. இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம், கொஞ்சம் கோணம் மாற்றி. மூளை இரண்டையும் சேர்த்து ஆழம் இருப்பதாக நம்பிவிடும். தலையைத் திருப்பினால் கருவி அதை உணர்ந்து காட்சியையும் திருப்ப வேண்டும். அதுவும் உடனே! 2016-ல் கடைக்கு வந்த கண்ணாடிகள் விநாடிக்கு 90 தடவை படத்தைப் புதுப்பித்தன. சற்றுத் தாமதித்தாலும் கண் ஒன்று சொல்லும், உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்லும். இரண்டும் சண்டை போட்டால் குமட்டும். மலைப்பாதை பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு அடம் பிடிப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

இதையெல்லாம் தீயணைப்புக்கென்றே பொருத்தி, ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கருவி வந்தது. பெயர் ஃப்ளெய்ம். (ஃபிஸ்க்வில் இருந்த அதே விக்டோரியா மாநிலம்!) கண்ணாடி மட்டுமல்ல. கையில் நிஜமான ஹோஸ், நாஸில். திறந்தால் தண்ணீர் வராது, ஆனால் ஹோஸ் பின்னால் தள்ளும். தண்ணீரின் உதைப்பை மோட்டார் கொடுக்கிறது. முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் மாஸ்க். உடம்பில் ஒரு சட்டை. தீயின் பக்கம் போகப் போக அது சூடாகும். எந்தப் பக்கம் தீயோ அந்தப் பக்கம் சூடு. கம்ப்யூட்டர் தீயும் சும்மா நிற்பதில்லை. தப்பான இடத்தில் தண்ணீர் அடித்தால் வளரும், சரியான இடத்தில் அடித்தால் அடங்கும்.

பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து டி.வி. திரையில் எல்லாவற்றையும் பார்க்கிறார். பையன் எங்கே பார்த்தான், எங்கே பார்க்கவில்லை, எத்தனை லிட்டர் தண்ணீரை வீணடித்தான், பதற்றத்தில் மூச்சு வாங்கிக் காற்றை எவ்வளவு வேகமாகத் தீர்த்தான்... முடிந்ததும் 'திரும்ப ஒரு தரம்!'

இந்தத் 'திரும்ப ஒரு தர'த்தில்தான் கருவியின் முழு மதிப்பும் இருக்கிறது. நிஜத் தீக்கு ரீவைண்ட் கிடையாது. எரிந்த வீடு எரிந்ததுதான். இங்கே ஒரே சமையலறையை ஒரே நாளில் இருபது தடவை எரிக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு விஷயத்தை மாற்றலாம். கதவு திறந்திருந்தால்? காஸ் சிலிண்டர் இருந்தால்? அடியில் ஒரு நிலவறை இருந்தால்? செத்துப் போனாலும் பரவாயில்லை, அடுத்த ரவுண்டில் உயிர் வந்துவிடும். க்ளைன் சொன்ன டெபாசிட்டை மாதாமாதம் சிறுகச் சிறுகப் போடுவதற்கு இதைவிட வழி கிடையாது.

வண்டியின் முன் நின்று உத்தரவு போடுகிற அதிகாரிகளுக்கு இது இன்னும் பொருத்தம். அவர் ஹோஸைப் பிடிப்பதில்லை. கட்டிடத்தைச் சுற்றி வந்து, புகையைப் பார்த்து, யாரை எங்கே அனுப்புவது என்று தீர்மானிப்பதுதான் அவர் வேலை. முக்கால்வாசி கண்ணாலும் மூளையாலும் செய்கிற வேலை. கண்ணாடி கண்ணுக்குத்தானே!

ஆனால் அந்தக் காது?

இனிமேல் கொஞ்சம் கறாராகப் பேசுவோம். தபாலில் நீச்சல் படித்தவரை யாரும் கிணற்றில் இறக்கிவிட மாட்டோம். கண்ணாடியில் மட்டும் தீ அணைத்தவரை நெருப்புக்குள் அனுப்பலாமா?

சினிமாவில் ஹீரோ எரிகிற வீட்டுக்குள் நிமிர்ந்து நடந்து போய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தலை கலையாமல் வெளியே வருவார். நிஜத்தில் அப்படி நிமிர்ந்தால் தலை இருக்காது. கூரைப் பக்கம் சூடு பல நூறு டிகிரி. அதனால் தவழ்ந்து போகிறார்கள். ஒரு கை சுவரை விடாமல் தடவிக்கொண்டே போக வேண்டும், திரும்பி வர வழி தெரிவதற்காக. புகையில் தன் கையே தனக்குத் தெரியாது. 'கறுப்பு மட்டும்தான் தெரியும் என்றால் அதற்கு எதற்குக் கம்ப்யூட்டர்? கண்ணைக் கட்டிவிட்டால் போதாதா?' என்று கேட்டால், நியாயமான கேள்வி. மாஸ்க்கின் கண்ணாடியை மறைத்துவிட்டு அறைக்குள் தவழவிடுகிற பழைய பயிற்சி இன்றைக்கும் நடக்கிறது. அதற்கு நயா பைசா செலவில்லை.

அடுத்தது உடம்பு. கோட்டு, ஹெல்மெட், சிலிண்டர் எல்லாம் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல். இதோடு தவழ்ந்து, படி ஏறி, உணர்விழந்த ஆளை இழுத்து வர வேண்டும். வியர்வை உள்ளேயே கொதிக்கும். அரை மணி நேரம் தாங்கும் என்று கணக்குச் சொல்கிற சிலிண்டர், மூச்சு வாங்கும்போது அதற்கு வெகு முன்னாலேயே எச்சரிக்கை மணி அடிக்கும். இந்தக் களைப்பையும் பயத்தையும் எந்தக் கண்ணாடியாலும் முழுசாகக் கொடுக்க முடியாது. ஏஸி ஹாலில் முட்டி வலிக்கிறது என்று பையன் எழுந்து நின்றால், கம்ப்யூட்டர் 'நீ காலி' என்று எழுத்தில் சொல்லும். நெருப்பு எழுத்தில் சொல்லாது.

ஆகவே, பெரிய ஆபத்து பயிற்சி போதாமல் போவது அல்ல. 'நமக்கு எல்லாம் வந்துவிட்டது' என்று தோன்றிவிடுவதுதான். இருபது தடவை செத்துப் பிழைத்தவனுக்குச் சாவின் மேல் ஒரு அலட்சியம் வந்துவிட்டால், இருபத்தோராவது தடவை நிஜமாக இருந்துவிடும்.

சூட்டுச் சட்டை இருக்கிறதே என்றால், அது நெஞ்சுக்கும் முதுகுக்கும் ஒரு ஜாடை காட்டும். அவ்வளவுதான். 'இந்தத் தீக்கு இவ்வளவு சூடு ஆகாதே' என்று அந்த லெஃப்டினென்ட்டின் காது கண்டுபிடித்ததே, அந்த நுணுக்கம் தோல் நிஜ நெருப்பின் பக்கத்தில் பல தடவை நின்று கற்றது. 'இவ்வளவு சூட்டுக்குச் சத்தம் போதவில்லையே' என்பதைக் கண்ணாடி சொல்லித் தரும். சூட்டைச் சொல்லித் தராது. பாதிக் கணக்குதான். மீதிப் பாதி இல்லாமல் டாலி பார்ப்பது எப்படி?

எனவே செய்யக்கூடியது இதுதான். வழி தேடுவது, புகையைப் படிப்பது, உத்தரவு போடுவது, ஒரே தப்பை மறுபடி மறுபடி செய்து திருந்துவது எல்லாம் கண்ணாடியில். கனம், களைப்பு, சூடு, பயம் எல்லாம் நிஜத் தீயில், விதிமுறைப்படி, ரசாயனப் பீப்பாய் இல்லாமல், எண்ணி எடுத்த சில தடவை மட்டும். அந்தச் சில தடவையும் வீணாகாமல் இருக்க, முன்கூட்டியே கண்ணாடியில் பாடத்தை முடித்துவிட்டு வர வேண்டும். பத்து தடவை நிஜப் புகையைக் குடித்துக் கற்றதை மூன்று தடவையில் கற்றால், மிச்சம் ஏழு தடவைப் புகை அந்தப் பையனின் நுரையீரலுக்குப் போகவில்லை. நாற்பது, ஐம்பது வயதில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டிய அவசியம் சிலருக்காவது இல்லாமல் போகும். இந்தப் பொய் நெருப்பு செய்யக்கூடிய நிஜமான உபகாரம் அது.

உங்க ஆபீஸ் சிவப்பு சிலிண்டர்!

இது ஏதோ வெளிநாட்டு வீரர்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆபீஸ்களில் தீயணைப்பு சிலிண்டரைக் கையாளச் சொல்லித் தரவும் இதே கண்ணாடி வந்துவிட்டது. பொம்மை சிலிண்டர், பொய்த் தீ. அறை நாறாது, பவுடர் கொட்டாது.

உங்கள் ஆபீஸில் கண்ணாடி இல்லாவிட்டால் பரவாயில்லை. மனசிலேயே ஒத்திகை பார்க்கலாம். நாலே படி:

ஒன்று: பின்னை இழுங்கள். (பதற்றத்தில் இதை மறந்துவிட்டுக் கைப்பிடியோடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு.)

இரண்டு: நாஸிலைத் தீயின் அடிப்பாகத்துக்குக் காட்டுங்கள். ஜுவாலைக்கு அல்ல. ஆடுகிற ஜுவாலையைப் பார்த்து அடிப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு.

மூன்று: கைப்பிடியை அழுத்துங்கள்.

நாலு: இடமும் வலமுமாக, பெருக்குகிற மாதிரி வீசுங்கள்.

சின்ன சிலிண்டர் அரை நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால் முதுகுக்குப் பின்னால் வெளியே போகிற வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஆரம்பியுங்கள். மின்சாரத் தீ என்றால் தண்ணீர் வேண்டவே வேண்டாம். குப்பைக்கூடை அளவைத் தாண்டிய தீயென்றால் வீரம் காட்டாமல் எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வெளியே வந்து 101-க்கோ 112-க்கோ போன் பண்ணுங்கள்.

முதல் வேலையாக, நாளைக்கு ஆபீஸ் போனதும் அந்தச் சிலிண்டரைப் போய்ப் பாருங்கள். கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று அட்டையில் தேதி போட்டிருக்கும். அட்டை கண்ணில் படாவிட்டால், அதன் மேல் யாரோ மாட்டியிருக்கும் குடையையும் டிபன் பையையும் முதலில் எடுங்கள்!